மரத்துக்கு நிழல்

“அதைப் பிரிச்சிடாதீங்க. மூட்டை கட்டின மாதிரியே தூக்கிட்டுப் போய் அந்தப் பெட்டிக்குள்ள போடணும்” என்றாள் கலைமகள்.

ரெத்தினத்தின் விரல் மவுஸின் மேல் அப்படியே நின்றது. ஐம்பத்தாறு வயதில் அவர் கம்ப்யூட்டரைத் தொடுவது அன்றுதான் முதல்முறை. திரையிலிருந்த சின்னப் படத்தை அழுத்திப் பிடித்து, அவள் பெட்டி என்ற ஃபோல்டருக்குள் இழுத்துக்கொண்டு போக வேண்டும். பாதி வழியில் விரல் நழுவி அது வேறெங்கோ விழுந்தது.

“போச்சா?”

“எங்கயும் போகல. அங்கதான் கிடக்கு. மறுபடி பிடிங்க.”

அவளுக்கு நான்கு சொல்லுக்கு ஒரு மூச்சு தேவைப்பட்டது. மூக்கில் செருகியிருந்த குழாய் வழியாக ஆக்ஸிஜன் மெஷின் காற்றைத் தந்துகொண்டிருந்தது. நுரையீரல் இறுகிக்கொண்டே போகும் நோய். இனிமேல் வீட்டிலேயே வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று தஞ்சாவூர் டாக்டர் சொல்லி மூன்று வாரமாகிறது. முந்தாநாள் வரை மவுஸைப் பிடித்தது அவள்தான். நேற்று கை நடுங்க ஆரம்பித்தது. இன்று காலை, “நான் சொல்றேன், நீங்க செய்யுங்க” என்று நாற்காலியை அவர் பக்கம் தள்ளினாள்.

மகள் குந்தவை கல்லூரியில் படித்தபோது வாங்கிய கம்ப்யூட்டர் அது. அவள் பெங்களூருக்கு வேலைக்குப் போன பிறகு கூடத்தில் துணி போர்த்திக் கிடந்தது. வயலுக்குப் போக முடியாமல் கலைமகள் வீட்டில் உட்கார்ந்த முதல் மாதத்தில் துணியை எடுத்தாள். கட்டைகளை அடுக்கி ஓர் உலகத்தையே கட்டும் விளையாட்டு ஒன்று அதில் இருந்தது. பத்தாவது வரை படித்தவள் அவள். தமிழில் பேசும் வீடியோக்களைப் பார்த்துப் பார்த்துத் தானே கற்றுக்கொண்டாள்.

ரெத்தினம் முதலில் அதைப் பொழுதுபோக்கு என்றுதான் நினைத்தார். ஒருநாள் வயலிலிருந்து வந்து துண்டை உதறியபோது அவள் திரையைக் காட்டிச் சொன்னாள்: “இந்த ஊர்த் தண்ணி ஏழெட்டுக் கட்டைக்கு மேல ஓடாதுங்க. அங்கங்க புதுசா ஊத்து வச்சாதான் வாய்க்கால் நீளும். வாய்க்கால்லேருந்து நாலு கட்டைக்குள்ள இருக்கிற வயல்தான் ஈரமா நிக்கும்.” அவர் குனிந்து பார்த்தார். நேராகப் போகும் வாய்க்கால், இருபுறமும் அளவெடுத்த மாதிரி வயல்கள், காய்ந்த பாத்தி ஒன்றுகூட இல்லை. முப்பது வருஷம் கடைமடையில் விவசாயம் பார்த்தவர் அவர். மேட்டு வயலுக்குத் தண்ணீர் ஏறாமல் எத்தனை முறை அல்லாடியிருக்கிறார். அன்று வெகுநேரம் துண்டும் கையுமாக நின்றார்.

வாய்க்கால் கரையோடு ஒரு சாலை போட்டாள். சாலையின் இருபக்கமும் மரம் வைத்தாள். வளர்ந்ததும் ஒருநாள் முகம் சுளித்தாள்.

“மரம் இருக்கு. நிழல் இல்லைங்க.”

உண்மைதான். இலைக்கடியில் லேசாக மங்கியிருந்தது, அவ்வளவுதான். தரையில் மரத்தின் உருவம் விழவில்லை. கலைமகள் தேடி, வழியைக் கண்டுபிடித்தாள். ஷேடர் என்று ஒன்று உண்டு. அதை விளையாட்டோடு சேர்த்துவிட்டால் வெயில் சாய்வாக விழும், நிழல் நகரும், தண்ணீர் பளபளக்கும். பழைய கம்ப்யூட்டர் அதைத் தாங்காது என்றதும் குந்தவை ஒரு கிராபிக்ஸ் கார்டு வாங்கி அனுப்பினாள். கும்பகோணத்துக் கடைக்காரர் வீட்டுக்கே வந்து பொருத்திவிட்டுப் போனார். அதற்குப் பிறகும் ஒன்பது நாள் அது ஓடவில்லை. தினமும் ஒரு புதுக் கோளாறு. ஒவ்வொன்றையும் நோட்டில் எழுதிவைத்து, காரணம் தேடி, ஒவ்வொன்றாகத் தீர்த்துக்கொண்டு வந்தாள்.

பத்தாம் நாள் இது.

“உள்ள போயிருச்சு” என்றார் ரெத்தினம். நெற்றி வியர்த்திருந்தது.

அப்போது போன் அடித்தது. அறுப்பு மெஷின்காரர். “அண்ணே, மெஷின் உங்க வயலுக்கு வந்திருச்சு. எறக்கலாமா?”

ஐந்து நாளாகக் காத்திருந்த மெஷின். சம்பா கதிர் தலைசாய்ந்து நின்றது. வெளியே வானம் மூட்டமாக இருந்தது.

“பக்கத்து வயலை அறுத்துட்டு வாங்கப்பா. எனக்கு இங்க வேலை இருக்கு.”

“என்னண்ணே, மழை வர்ற மாதிரி இருக்கு...”

“வேலை இருக்குன்னேன்ல” என்று போனை வைத்தார்.

கலைமகள் அவரைப் பார்த்தாள். போகச் சொல்ல வாயெடுத்தாள். பிறகு திரையைக் காட்டி, “ப்ளேயை அமுக்குங்க” என்று மட்டும் சொன்னாள்.

விளையாட்டு திறக்கவில்லை. கட்டங்கட்டமாக ஆங்கில எழுத்துகள் வந்து நின்றன. ரெத்தினம் கையை எடுத்துவிட்டார்.

“கெடுத்துட்டேனா?”

“இருங்க. மேல தள்ளுங்க. இன்னும். நிறுத்துங்க.” கண்ணைச் சுருக்கிப் படித்தாள். உதடுகள் எழுத்தைக் கூட்டின. இடையில் இருமல் வந்து இரண்டு நிமிஷம் அவளை உலுக்கிவிட்டுப் போனது. அவர் முதுகைத் தடவினார். அவள் விரலை நீட்டியபடியே இருந்தாள். “பழசும் புதுசும் ஒண்ணாக் கிடக்கு. முந்தாநேத்து புதுசை எறக்கினேன், பழசைத் தூக்க மறந்துட்டேன். ஒரே பேர்ல ரெண்டு இருக்கு பாருங்க. சின்ன நம்பர் போட்டது பழசு. அதை அழிங்க.”

“நிச்சயமா?”

“நிச்சயமா.”

அவர் அழித்தார். மீண்டும் அமுக்கினார். இந்த முறை கம்ப்யூட்டரின் உள்விசிறி வேகமெடுத்தது. கறுப்புத் திரை. பிறகு அவளுடைய உலகம் திறந்தது. பழையபடியேதான் இருந்தது.

“செட்டிங்ஸ். வீடியோ. ஷேடர் பேக். பேரு இருக்கா? அதைத் தொட்டு அப்ளை. தரம் மீடியத்துல இருக்கட்டும். பாவம், இது தாங்காது.”

திரை ஒரு கணம் உறைந்தது. அடுத்த கணம் வெயில் வந்தது.

அப்படித்தான் ரெத்தினத்துக்குத் தோன்றியது, யாரோ கதவைத் திறந்துவிட்ட மாதிரி. வாய்க்காலில் வானம் தெரிந்தது. சாலை நெடுக மரங்களின் நிழல் ஒன்றன்பின் ஒன்றாகக் குறுக்கே கிடந்தது. இலைகள் அசைந்தன, தரையில் நிழலும் அசைந்தது.

“ம்” என்றாள் கலைமகள். “விழுது.”

கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, எந்த எழுத்தை அமுக்கினால் நடக்கலாம் என்று காட்டினாள். “நடங்க. மெதுவா.”

ரெத்தினம் நடந்தார். வெயில், நிழல், வெயில், நிழல் என்று சாலை வந்துகொண்டிருந்தது. கரையோடு ஒட்டிப் போகாதீங்க, தண்ணியில விழுந்திடுவீங்க என்றாள். அவர் சிரித்தார். அவளும் சிரித்த மாதிரி இருந்தது. எத்தனை மரம் வைத்திருக்கிறாள் என்று மனசுக்குள் எண்ணிக்கொண்டே போனார். நாற்பதைத் தாண்டியது. நிஜத்தில் வீட்டிலிருந்து வயல் வரைக்கும் இருக்கும் தூரம் ஏறக்குறைய இதே அளவுதான் என்று அப்போதுதான் பிடிபட்டது. ரோட்டை அகலப்படுத்தியதிலிருந்து அந்த வழியில் ஒரு மரம் கிடையாது. சோற்றுத் தூக்கை எடுத்துக்கொண்டு எத்தனை வருஷம் அவள் அந்த வெயிலில் வந்திருக்கிறாள். ஒருநாளும் சொன்னதில்லை.

சாலை முடிந்தது.

“இந்தப் பக்கம் திரும்பவா, கலை?”

பதில் இல்லை. அவர் திரும்பிப் பார்க்கவில்லை. எழுத்திலிருந்து விரலை எடுக்காமல் இன்னும் கொஞ்ச தூரம் நடந்தார். பிறகுதான் திரும்பினார். அவள் கண்கள் திரையைப் பார்த்தபடியே இருந்தன. ஆக்ஸிஜன் மெஷின் மட்டும் காற்றை அனுப்பிக்கொண்டிருந்தது.

*

மதியம் இரண்டு மணிக்குத் திருவிடைமருதூரிலிருந்து கலைமகளின் அண்ணன் இராஜாங்கம் வந்துவிட்டார். தங்கையின் காலடியில் உட்கார்ந்து குலுங்கிக் குலுங்கி அழுதார். எழுந்தபோது அவர் கண்ணில் பட்டது, மூலையில் அணைக்காமல் கிடந்த கம்ப்யூட்டர். பச்சை மரங்களும் வாய்க்காலும்.

“என்னது இது?”

யாரோ ஒரு பெண் மெல்லச் சொன்னாள்: “அதுல விளையாடிக்கிட்டு இருந்தப்பதான் போயிருச்சாம்.”

இராஜாங்கத்தின் முகம் மாறியது. “ஏன் மாப்ள, உசிரு போற நேரத்துல கேம் விளையாட விட்டிருந்தீங்களா? ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டு ஓட வேணாமா? எம் தங்கச்சி என்ன சின்னப் புள்ளையா?”

கூடத்தில் அழுகை நின்றது. ரெத்தினம் சுவரில் சாய்ந்து நின்றார்.

“ஆமா மச்சான். நான்தான் போட்டுக் குடுத்தேன்.”

“சே” என்று இராஜாங்கம் விறுவிறுவென்று போய்ச் சுவரிலிருந்த பிளக்கில் கை வைத்தார். ரெத்தினம் அதைவிட வேகமாக வந்து அந்தக் கையைப் பிடித்தார். கல்யாணமான முப்பது வருஷத்தில் மைத்துனரின் கையை அவர் அப்படிப் பிடித்ததில்லை.

“அப்படிப் பிடுங்கக் கூடாது மச்சான். கட்டினதெல்லாம் போயிரும். அதுக்கு ஒரு முறை இருக்கு.”

மேசையிலிருந்த நோட்டைப் புரட்டினார். பின்அட்டையில் பெரிய எழுத்தில் அவள் எழுதிவைத்திருந்தாள்: ‘மூடும்போது எஸ்கேப். பிறகு சேவ் அண்ட் க்விட். அதற்குப் பிறகுதான் ஸ்விட்ச்.’ நாற்காலியில் உட்கார்ந்தார். பின்னால் பெஞ்சில் அவள் கிடத்தப்பட்டிருந்தாள். வந்திருந்தவர்கள் எல்லோரும் பார்த்துக்கொண்டிருக்க, ஒவ்வொரு சொல்லாகப் படித்து, ஒவ்வொன்றாக அமுக்கினார். திரை இருண்டதும் எழுந்து ஸ்விட்சை அணைத்தார்.

குந்தவை இருட்டும் நேரத்தில் வந்து சேர்ந்தாள். மறுநாள் காலை எடுத்தார்கள்.

*

பால் தெளித்துவிட்டு வந்த அன்று உறவினர்கள் கிளம்பினார்கள். இராஜாங்கம் மட்டும் இருந்தார். மூன்று நாளாக ரெத்தினத்தோடு அவர் பேசவில்லை. குந்தவை அம்மாவின் நோட்டை மடியில் வைத்துப் படித்துக்கொண்டிருந்தாள். ஒரு பக்கத்தைச் சத்தமாகப் படித்தாள்.

“‘ஏழாம் நாள். ஜாவா பழசு. மாற்றியாச்சு. இன்னும் வரவில்லை. எட்டாம் நாள். மெமரி போதவில்லை. கூட்டிக் கொடுத்தாச்சு. வந்து, உடனே போய்விட்டது. ஆனால் வந்தது.’” நோட்டை மூடினாள். “நானும் இப்படிக் கோளாறு தேடித் தீர்க்கிற வேலைதான் பாக்குறேன் மாமா. எங்க ஆபீஸ்ல இப்படி ஒருத்தர் எழுதிவச்சா கையெடுத்துக் கும்பிடுவோம்.”

இராஜாங்கம் வாசலைப் பார்த்தபடி இருந்தார். பிறகு சொன்னார்: “அதைப் போடு பாப்பா. அப்படி என்னதான் பாத்துச்சுன்னு பார்ப்போம்.”

திறந்தாள். ரெத்தினம் விட்ட இடத்திலேயே நின்றது, சாலையின் கடைசி. குந்தவை திரும்பி, வந்த வழியே நடத்திக்கொண்டு போனாள். இராஜாங்கம் கிட்டே வந்து நின்றார். நிழல்கள் நீண்டுகொண்டே போயின. விளையாட்டுக்குள் பொழுது சாய்ந்துகொண்டிருந்தது.

“இவ்வளவும் அது ஒருத்தியா பண்ணிச்சு?”

“ஒருத்திதான் மச்சான்” என்றார் ரெத்தினம்.

விளையாட்டுக்குள் இருட்டிவிட்டது. வாய்க்கால் முனையில் ஒரு வீடு இருந்தது. ரெத்தினம் அதுவரை அதைப் பார்த்ததில்லை. குந்தவை உள்ளே போனாள். அறையில் பந்தத்தின் மஞ்சள் வெளிச்சம். ஜன்னலோரம் இரண்டு கட்டில்கள், ஒட்டிப் போட்டவை. இரண்டு வருஷமாகக் கலைமகளால் படுக்க முடிந்ததில்லை. மூச்சுக்காக நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்துதான் தூக்கம்.

“ராத்திரியாயிருச்சுப்பா. கட்டில்ல படுத்தா உடனே விடிஞ்சிரும். இல்லேன்னா ஏழு நிமிஷம் காத்திருக்கணும்” என்றாள் குந்தவை. “படுக்கவா?”

ரெத்தினம் இரண்டு கட்டில்களையும் பார்த்தார்.

“வேணாம்மா. ஏழு நிமிஷம்தானே. தானா விடியட்டும்.”

வெளியே உச்சி வெயிலில் பந்தல்காரர்கள் மூங்கிலைக் கழற்றிப் போட்டுக்கொண்டிருந்தார்கள். உள்ளே மூன்று பேரும் திரையிலிருந்த ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். வெகுநேரம் கழித்து மரங்களுக்குப் பின்னால் கறுப்பு கொஞ்சம் கொஞ்சமாக நீலமாகத் தொடங்கியது. இராஜாங்கம் ஒரு நாற்காலியை இழுத்து, ரெத்தினத்தின் பக்கத்தில் போட்டு உட்கார்ந்தார்.