நேரில் கண்டவர்

"யாருமே பாக்கலைன்னா அது கணக்குல சேராதா டீச்சர்?" இரண்டு வருடத்துக்கு முன்னால் ஒரு திங்கட்கிழமை அந்தப் பெண் கேட்டது, இன்று ஏன் காதுக்குள் வந்து உட்கார்ந்துகொள்கிறது... அன்று டீச்சர் தலையைக்கூட நிமிர்த்தவில்லை, சேராதும்மா, படிவத்துல நேரில் கண்டவர்னு ஒரு கட்டம் இருக்குல்ல, அதுல கையெழுத்து வேணும், என்று சொல்லி அனுப்பியாயிற்று. மேசையில் முப்பத்தொரு கோப்புகள். பள்ளியை முடித்துப் போக என்னவெல்லாம் வேண்டும், தேர்வு, நாற்பது வேத வசனம் மனப்பாடம், ஆராதனை வருகை, சேவை நாற்பது மணி நேரம்... முப்பது பேருக்கு எல்லாம் சரி, கடைசிக் கோப்பு அந்தப் பெண்ணுடையது, சேவை முப்பத்தாறு. நாலு மணி நேரம் குறைகிறது. வெள்ளிக்கிழமை மேடையில் எல்லார் பெயரும் வாசிக்கப்படும், இவள் பெயர் வராது, சலவைக்கடையில் வேலை பார்க்கிற அம்மா வேறு, "வெள்ளிக்கிழமை லீவு சொல்லிட்டேன் டீச்சர்" என்று வாயெல்லாம் பல்லாக நின்றாளே, அந்த முகத்தை எங்கே கொண்டுபோய் வைப்பது?

தலைமையாசிரியைக்கு எல்லாம் சுலபம். "நீங்க பாத்தேன்னு ஒரு கையெழுத்துப் போடுங்க, உங்க கையெழுத்துக்கு மேல நான் என்ன கேக்கப்போறேன்?" என்று பையைத் தோளில் மாட்டிக்கொண்டு போய்விட்டார். பார்க்காததைப் பார்த்தேன் என்று எப்படி எழுதுவது... இருபத்தாறு வருடமாகப் பொய் எழுதாத கை, ஆனால் அந்தப் பெருமைக்கு ஒரு பிள்ளையின் கண்ணீரா விலை, ஆண்டவரே, அசதியாக இருக்கிறது. கோப்பை மூடப்போனபோது கிழிந்த அட்டை கண்ணில் பட்டது, பழுப்புத் தாளை நறுக்கி ஒட்டியிருக்கிறாள், ஓரமெல்லாம் வளைவாக வெட்டி... இதை எங்கே பார்த்தோம்?

கால் தானாகச் சிற்றாலயத்துக்கு நடந்தது. பெஞ்சிலிருந்து ஒரு பாட்டுப்புத்தகத்தை எடுத்தால், அதே பழுப்புத் தாள், அதே வளைந்த ஓரம், அடுத்ததிலும், அதற்கடுத்ததிலும். இரண்டு வருடத்துக்கு முன்னால் வீட்டுக்காரர் ஆபரேஷனுக்குப் படுத்திருந்த அந்த நாலு சனிக்கிழமையும் டீச்சர் வரவில்லை, ஆலயத்தைத் துடைத்து அடுக்குவது டீச்சரின் பொறுப்பு, திரும்பி வந்தபோது எல்லாம் பளிச்சென்று இருந்தது. காவலாளி அண்ணன்தான் செய்திருப்பார் என்று ஒரு பிஸ்கட் பாக்கெட் கொடுத்து நன்றி சொன்னாள், அந்த மனுஷனும் கூசாமல், "ஏதோ நம்மால முடிஞ்சதும்மா" என்று வாங்கிக்கொண்டார்! டீச்சருக்குச் சிரிப்பு வந்தது, பாதியில் நின்றது. திரும்பி வந்த அந்தத் திங்கட்கிழமைதானே அந்தப் பெண் கேட்டது... கேட்டதற்குப் பதில் கிடைத்ததும் சரிங்க டீச்சர் என்று போய்விட்டாள், நான்தான் செய்தேன் என்று அப்போதும் சொல்லவில்லை, இன்றுவரை சொல்லவில்லை. குனிந்த தலையை நிமிர்த்தாமலே இன்னும் எத்தனை பேரை அப்படி அனுப்பியிருப்போம்?

வெறும் பெஞ்சுகளுக்கு நடுவே உட்கார்ந்து படிவத்தை மடியில் விரித்தாள். நாலு சனிக்கிழமைத் தேதிகளும், தேதிக்கு ஒரு மணி நேரமாக, யோசிக்காமலே வந்தன, மருத்துவமனை வராந்தாவில் எண்ணிய நாட்கள் மறக்குமா? 'நேரில் கண்டவர்' என்பதை ஒரே கோட்டில் அடித்தாள். மேலே, 'பயன் பெற்றவர்' என்று எழுதி, கையெழுத்துப் போட்டாள்.