முகவரியில் ஆள் இல்லை

தலைவருக்குத் தூதரகத்தில் எல்லாரையும் தெரியும். தூதரகத்தில் அவரைத் தெரிந்தவர் யார் என்று இதுவரை யாரும் கேட்டதில்லை. நம்மவர் சங்கத்துக்குப் பன்னிரண்டு ஆண்டுகளாக அவர்தான் தலைவர்; தேர்தல் வைத்தால் சங்கம் உடைந்துவிடும் என்று முதலில் கவலைப்பட்டவரும் அவரே. யாருக்குப் பாஸ்போர்ட் புதுப்பிக்க வேண்டுமென்றாலும் படிவத்தை அவர் கையால்தான் நிரப்ப வேண்டும். தாமே நிரப்பிக்கொண்டவர்களுக்கும் பாஸ்போர்ட் வந்தது. ஆண்டு விழாவில் மட்டும் கடைசி வரிசைக்குப் பின்னால் நின்றார்கள்.

லிஃப்ட் மெக்கானிக்கின் பாஸ்போர்ட் முடிய மூன்று மாதம் இருந்தது. வெறும் புதுப்பித்தல்தான், ஐந்து நாளில் வந்திருக்கும். தலைவர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு பழைய பாஸ்போர்ட்டை ஆராய்ந்தார். குடும்பப் பெயர் என்ற கட்டத்தில் மெக்கானிக்கின் அப்பா பெயர் இருந்தது. நமக்கேது குடும்பப் பெயர்? கட்டம் காலியாக இருக்கக்கூடாதென்று பதினெட்டு ஆண்டுகளுக்கு முன் ஏஜெண்ட் அப்பாவை அதில் உட்காரவைத்துவிட்டார். அன்றிலிருந்து அடையாள அட்டையிலும் சட்டைப் பையின் மேலும் மேனேஜர் வாயிலும் அப்பாதான். பதினான்காவது மாடியில் யாராவது சிக்கிக்கொண்டால் அப்பாவைத்தான் கூப்பிடுவார்கள்.

"ஏன்யா, உங்கப்பாவா இங்க வேலை பாக்குறாரு? இதை இப்பவே சரி பண்ணிடுவோம். உன் பேர் மட்டும் நிக்கட்டும்" என்றார் தலைவர்.

மெக்கானிக்குக்கும் சின்னதாக ஆசை. தன் பெயரைப் பிறர் சொல்லிக் கேட்டு எத்தனையோ காலமாகிவிட்டது. சரி என்றார். பெயர் திருத்தம் என்று ஒன்று சேர்ந்தால் ஊரில் போலீஸ் விசாரணை வரும் என்பது தலைவருக்குத் தெரியாது. தனக்குத் தெரியாதது உண்டு என்பதும் அவருக்குத் தெரியாது.

அப்பா ஓய்வுபெற்ற பஸ் கண்டக்டர். போனில் விஷயத்தைக் கேட்டுவிட்டுச் சிரித்தார்.

"பதினெட்டு வருஷமா உன் கம்பெனிக்காரன் எனக்குதான்டா சம்பளம் போட்டிருக்கான். இப்ப என்னை வேலையை விட்டுத் தூக்கிட்டியா?"

வீட்டுக்குப் போலீஸ்காரர் வந்து விசாரிப்பார் என்றதும் அவருக்கு உற்சாகம் வந்துவிட்டது. மறுநாளிலிருந்து காலையிலேயே குளித்து, இஸ்திரி போட்ட சட்டையோடு வாசலைப் பார்த்து நாற்காலி போட்டு உட்கார்ந்துவிடுவதாக அக்கா சொன்னாள். மடியில் பழைய கண்டக்டர் பை. அதற்குள் ரேஷன் கார்டு, கரண்ட் பில், மகனின் பள்ளிச் சான்றிதழ். மதியத் தூக்கமும் அதே நாற்காலியில்தானாம்.

ஆறு நாள் உட்கார்ந்தார். ஏழாம் நாள் விடியற்காலையில் மூச்சு வாங்கியது. அக்காவும் மாமாவும் வீட்டைப் பூட்டிக்கொண்டு அவரை ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனார்கள். பத்து மணிக்குப் போலீஸ்காரர் வந்தார். பூட்டைப் பார்த்தார். 'முகவரியில் ஆள் இல்லை' என்று எழுதிக்கொண்டு போனார். அவர் எழுதியதில் பொய் ஒன்றுமில்லை.

பழைய பாஸ்போர்ட் மனுவோடு தூதரகத்தில் இருந்தது. ஊருக்குப் போக வழி கேட்டு மெக்கானிக் அங்கே ஓடினார். கவுண்டரில் இருந்த அம்மாள் பொறுமையாகத்தான் விளக்கினார். உடனே போக வேண்டுமென்றால் ஒருவழிப் பயணத்துக்கு ஒரு தாள் கொடுக்கலாம். அதற்கு இரண்டு நாள் ஆகும். ஆனால் இந்த மனு ரத்தாகிவிடும். ஊரில் முதலிலிருந்து தொடங்க வேண்டும். அதுவரை கம்பெனி காத்திருக்குமா என்பதை அவர்தான் சொல்ல வேண்டும். அதற்குப் பதில் மெக்கானிக்குக்குத் தெரியும்.

"அவசரப்பட்டுக் காரியத்தைக் கெடுத்துக்காதே. மேலிடத்துல பேசிட்டேன். வியாழக்கிழமை முடிஞ்சிடும்" என்றார் தலைவர். மேலிடம் போனை எடுத்ததா என்று அவர் சொல்லவில்லை.

அன்று சாயங்காலம் அக்கா போனை அப்பாவின் காதில் வைத்தாள். அரை டம்ளர் காபி குடித்தாராம். முகத்திலிருந்த ஆக்ஸிஜன் மாஸ்க்கைத் தானே விலக்கிக்கொண்டு பேசினார்.

"அவர் வர்ற நேரம் பாத்து நான் இல்லாம போயிட்டேன்டா. என்னாலதான் உனக்கு லேட்டு. நாளைக்கு வீட்டுக்கு அனுப்பிடுவாங்க. போய் உக்காந்துடறேன்."

அந்தக் குரலை நம்பி மெக்கானிக் அந்தத் தாளுக்கு எழுதிக் கொடுக்கவில்லை.

புதன்கிழமை மதியம் லிஃப்டின் கூரைமேல் நின்று கம்பிவடத்துக்கு எண்ணெய் போட்டுக்கொண்டிருந்தபோது அக்கா அழைத்தாள். அழுது முடித்து, ஐஸ் பெட்டிக்குச் சொல்லட்டுமா, நீ எப்போது வருவாய் என்று கேட்டாள். தாளுக்கு இரண்டு நாள், விமானத்துக்கு ஒரு நாள். கீழே யாரோ பொத்தானை அழுத்திக்கொண்டே இருந்தார்கள்.

"எனக்காக வெக்காதீங்கக்கா. எடுத்துடுங்க."

வியாழக்கிழமை காலையில் போலீஸ்காரர் மறுபடி வந்தார். கதவு இரண்டும் விரியத் திறந்திருந்தன. தெரு முழுக்கப் பிளாஸ்டிக் நாற்காலிகள். அக்கம்பக்கத்தில் இரண்டு சாட்சிகள் போதும்; தெருவே இருந்தது. ஆணியில் தொங்கிய கண்டக்டர் பையிலிருந்து மாமா காகிதங்களை எடுத்துக் கொடுத்தார். எல்லாம் வரிசையாக இருந்தன. போலீஸ்காரர் தொப்பியைக் கழற்றிக்கொண்டு, பாடை கிளம்பும்வரை ஓரமாக நின்றார். பிறகு, எல்லாம் சரி என்று எழுதினார்.

சங்கத்தின் வாட்ஸ்அப் குழுவில் இரங்கல் செய்தி வந்தது. தலைவரின் இடைவிடாத முயற்சியால் உறுப்பினரின் விசாரணை வியாழனன்றே நிறைவேறியதென்றும், அன்னாரின் தந்தையும் காலமானாரென்றும், இரண்டுக்கும் சேர்த்து ஒரே அறிக்கை. கீழே நாற்பது பேர் கைகூப்பியிருந்தார்கள். எதற்கென்று தெரியவில்லை.

அடுத்த செவ்வாயன்று பாஸ்போர்ட் வாங்கப் போனபோது தலைவரும் கூடவே வந்தார்; கொடுப்பது போல ஒரு போட்டோ எடுக்க வேண்டுமாம். "நான் சொன்னா சொன்னதுதான், பாத்தியா?" என்று சட்டைக் காலரைச் சரி செய்துகொண்டார்.

கவுண்டர் அம்மாள் ஒரு பெயரைக் கூப்பிட்டார். யாரும் எழவில்லை. மறுபடி கூப்பிட்டார். தலைவர் மெக்கானிக்கின் விலாவில் இடித்தார்.

"ஏய், உன்னைத்தான்யா."

மெக்கானிக்குக்குக் கேட்டது. ஆனால் எழுந்திருக்கவில்லை. அப்பாவைக் கூப்பிடட்டும் என்று உட்கார்ந்திருந்தார்.