றோட்டோரம் ஒரு கப்று

உடலை ஏற்றிவந்த ஜனாஸா வேனை மறித்த ஆமிக்காரன் உள்ளே எட்டிப் பார்த்துவிட்டுத் தொப்பியைக் கழற்றினான். மறித்த கையை மட்டும் இறக்கவில்லை. அவனுக்குப் பின்னால் ஒரு றோலர் புதுக் கல்லை நசுக்கிக்கொண்டிருந்தது.

நௌஃபர் இறங்கினான். அவன் வாப்பா ஜபார் அன்று சுபஹுத் தொழுகைக்குப் பிறகு பாலாவி அகதிக் குடியிருப்பில் மௌத்தாகியிருந்தார். தொண்ணூறில் இயக்கத்தால் மன்னாரிலிருந்து இரண்டு நாளில் விரட்டப்பட்டவர். "என்னய ஊர் மையவாடியில, உம்மாக்குப் பக்கத்தில அடக்குங்க" என்று இருபது வருசமாகச் சொல்லிக்கொண்டிருந்தார். சண்டை முடிந்து, ஊருக்கு ஆமி றோட்டுப் போடுகிறது என்று கேள்விப்பட்ட நாளிலிருந்து மருந்தைக்கூட ஒழுங்காகக் குடித்தார்.

இளம் அதிகாரி ஒருவர் வந்தார். தமிழைத் தேடித் தேடிப் பேசினார்.

"மையவாடிக்குப் போக ஏலாது. மிதிவெடி எடுத்து முடியல்ல. றோட்டும், ரெண்டு பக்கம் ஆறடியும் மட்டும்தான் முடிஞ்சது."

சிவப்புக் கம்புகளுக்கு அப்பால் மையவாடியின் இடிந்த மதில் தெரிந்தது. நூறு யார் தூரம்கூட இல்லை.

தங்கையின் கணவன் முஆஸ் மணிக்கூட்டைப் பார்த்தான். "திரும்புவம் மச்சான். நேரம் போகுது."

நௌஃபர் வேனை ஒரு சுற்றுச் சுற்றி வந்தான். மதிலைப் பார்த்தான். மறுபடி சுற்றினான்.

"இந்த ஆறடிக்குள்ள கப்றுக் குழி வெட்டலாமா சேர்?"

அதிகாரி தயங்கினார். "வெட்டலாம். ஆனா பிறகு றோட்ட அகலமாக்குவாங்க. அப்ப நான் இங்க இருக்கமாட்டன்."

முஆஸ் அவன் கையைப் பிடித்து இழுத்தான். "விசரா உனக்கு? நாளைக்கு அவருக்கு மேல லொறி ஓடும்."

"பாலாவியில அடக்கினா, மௌத்துக்குப் பிறகும் வாப்பா அகதிதான் மச்சான்."

முஆஸ் கையை விட்டான்.

மெஷினால் தோண்டித் தரவா என்று அதிகாரி கேட்டார். நௌஃபர் வேண்டாமென்றான். இரண்டு ஆமிக்காரர் மண்வெட்டி கொண்டுவந்து கொடுத்துவிட்டு, கேட்காமலே கூடச் சேர்ந்து வெட்டினார்கள். முகத்தைக் கிப்லாத் திசைக்குத் திருப்பி வைக்க, கப்று றோட்டோடு ஒட்டி நீளவாக்கில் அமைந்தது. தொழுது முடியும்வரை றோலர் நின்றிருந்தது. மறுபடி அது நகர்ந்தபோது புதுமண் மெல்ல அதிர்ந்தது.

மஃரிப் தொழுகை நேரத்துக்குப் பாலாவிக்கு வந்தார்கள். தங்கை ஃபஸ்னா வாசலிலேயே நின்றாள். அண்ணனைத்தான் முதலில் கேட்டாள்.

"வாப்பாட உம்மாக்குப் பக்கத்திலயா நானா?"

"பக்கத்திலதான்."

காலையிலிருந்து வீட்டுக்கும் வாசலுக்கும் நடந்துகொண்டிருந்தவள் அப்போதுதான் கதிரையில் உட்கார்ந்தாள். பிறகு கணவனைப் பார்த்தாள்.

"நீங்களும் பாத்தீங்களா? அவட கப்று எப்படி இருக்கு?"

நௌஃபர் தலையைத் தூக்கவில்லை.

"புல்லுத்தான் கொஞ்சம் மண்டிக் கிடக்கு," என்றான் முஆஸ். "மத்தப்படி நல்லம்."

சொல்லிவிட்டுக் கிணற்றடிக்குப் போனான். நிரம்பிய வாளிக்குள் இன்னொரு வாளித் தண்ணீரை அள்ளி ஊற்றினான். பிறகு இன்னொன்று.