ஆஸ்பத்திரி முன்கூடத்தில் டிரம்ஸ்

பாட்டிலை மேடை விளிம்பில் உடைத்த சூட்டோடு, அண்ணன் அதைத் தம்பியின் மணிக்கட்டில் இழுத்தான். ஒரே இழுப்பு. டிரம்ஸின் வெள்ளைத் தோலில் இரத்தம் கொட்டித் தெறித்தது.

எல்லாவற்றுக்கும் காரணம் ஒரு சுவர்தான், கண்ணுகளா. தகரக்கூரை போட்ட அந்தப் பெரிய மண்டபத்தில் எதைத் தட்டினாலும் பின்சுவர் அரை நொடி கழித்துத் திருப்பிக் கொடுக்கும். டிரம்பெட் ஊதும் அண்ணன், டிரம்ஸ் வாசிக்கும் தம்பியின் அடியை விட்டுவிட்டு, சுவர் சொன்னதைக் கேட்டு ஊதினான். பாட்டு நொண்டியது. தம்பி பொறுத்துப் பார்த்தான். முடியாமல் நடுப்பாட்டில் கையை நிறுத்திவிட்டான். ஆயிரம் பேர் முன்னால் டிரம்பெட் தனியாக அலறியது. சனம் கைகொட்டிச் சிரித்தது.

ஆஸ்பத்திரியில் தம்பியின் அறுந்த நரம்புகளைத் தைத்தார்கள். ஆனால் மோதிர விரலும் சுண்டுவிரலும் மடங்கவில்லை. வார்டு நர்ஸ் தினமும் அவற்றைப் பிடித்து மடக்குவாள். வலி உயிர் போகும். ஒருநாள் அவளைக் கன்னத்தில் அறைந்தேவிட்டான்.

"அடிச்சாச்சா? சரி, இப்ப விரல மடக்கு."

நான்கு மாதம் இப்படி. அவளுக்கு நன்றி சொல்ல அவனிடம் வேறென்ன இருக்கிறது? டிரம்ஸை ஆஸ்பத்திரி முன்கூடத்தில் கொண்டுவந்து போட்டான். பளிங்குத் தரை, மூன்று மாடி உயரம். ஒருத்தர் இருமினால் ஒரு வார்டே இருமும். ஒரு அடி அடித்துவிட்டு, சுவர் பேசி முடிக்கும்வரை காத்திருந்து அடுத்ததை அடித்தான். இரண்டு தடவை குச்சி கையிலிருந்து பறந்தது. அந்த இரண்டு விரல்கள் மூடாவிட்டால் இனிப் பிழைப்பு இல்லை.

மூன்றாவது தடவை குச்சியை எடுத்தபோது, திரும்பி வந்த ஒலிகளுக்குள் அவன் அடிக்காத ஒன்று கேட்டது. தரையில் இரும்பு உரசும் சத்தம். தலையைச் சாய்த்தான். இரும்புக் குழாய் டிரம்ஸைப் பிளந்தது.

"என் மானத்த வாங்கிட்டு உனக்கு நன்றிக் கச்சேரி கேக்குதாடா?"

அண்ணன்தான். அடுத்த அடி தோளில் விழுந்தது. எலும்பு முறிந்ததுபோல் ஒரு வலி. மூன்றாவது அடிக்குக் குழாய் உயர்ந்தபோது, நர்ஸ் எவர்சில்வர் தட்டை வீசி அண்ணன் நெற்றியில் இறக்கினாள்.

டங்! சத்தம் மூன்று மாடியும் ஏறி இறங்கியது. அண்ணன் வேரறுந்த மரமாய்ச் சாய்ந்தான்.

சக்கர நாற்காலியில் இருந்த பெரியவர், "இன்னிக்கு இதுதான்யா சரியான தாளத்துல விழுந்துச்சு!" என்றார்.

அதற்குள் நர்ஸ் மண்டியிட்டு, பிளந்த நெற்றியில் துணியை வைத்து அழுத்திக்கொண்டிருந்தாள். "தம்பி, இங்க வா. தலைய அசையாம பிடி."

"இவனுக்கா, அக்கா?"

"உனக்குத் தைக்கிறப்ப நீ நல்லவனான்னு யாராவது கேட்டாங்களா? பிடி."

தம்பி அண்ணனின் தாடையை இரண்டு கையாலும் பிடித்தான். அண்ணன் திமிறினான், காறித் துப்பினான், தம்பியின் கட்டைவிரலைக் கடித்தான். இரத்தம் வழுக்கியது. இரண்டு விரற்கடை கீழே அண்ணனின் குரல்வளை துடித்துக்கொண்டிருந்தது. தம்பியின் கை தானாக அங்கே இறங்கியது.

"பிடிக்கத்தான் சொன்னேன். நெரிக்கச் சொல்லல."

கை மேலே ஏறித் தாடையை இறுக்கியது. அண்ணன் போட்ட கூச்சல் மூன்று மாடியிலிருந்தும் திரும்பி வந்தது. பிடி நழுவவில்லை. நர்ஸ் குனிந்து தம்பியின் கையையே பார்த்தாள். ஐந்து விரலும் மூடியிருந்தன.

"மடங்கிருச்சு," என்றாள். "ஆடாத. இன்னும் ரத்தம் நிக்கல."


அவன் ஆடவில்லை.