வில்லுக்குறி

மட்டக்களப்பு மறியலில் நான்கு வருடம் கைதியாக அடைபட்டுக் கிடந்துவிட்டு வந்த காலிதீனுக்குக் கல்முனையில் சோற்றுக்குப் பஞ்சமில்லை. மனைவி முனவ்வறா இடியப்பம் அவித்து விற்று எப்படியோ உலையை ஏற்றிக்கொண்டிருந்தாள். பஞ்சம் வேலைக்குத்தான். மருதமுனைத் தறிக்காரர், "இப்ப ஆள் தேவையில்ல தம்பி" என்றார். மறுநாளே வேறொருவனைச் சேர்த்துக்கொண்டார். அரிசி ஆலைக்காரர் அந்த மரியாதையும் பார்க்கவில்லை. "பாலுக்குப் பூனை காவலா?" என்று கேட்டுவிட்டுத் தன் பகிடிக்குத் தானே சிரித்தார்.

காலிதீனுக்கு மாடு மேய்க்கவும் தெரியும், மாடு களவெடுக்கவும் தெரியும். ஊரார் இரண்டாவதை மட்டும் நினைவில் வைத்திருந்தார்கள். அவர்களைக் குறை சொல்லவும் முடியாது. தம்பிலுவில் வரை அவன் கை வைக்காத மாட்டுப் பட்டி குறைவு.

ஐம்பத்தேழாம் ஆண்டு மார்கழியில் பெருவெள்ளம் வந்தது. வயல்வெளி முழுக்கக் கடலாகி, தப்பிய மாடெல்லாம் ஒரே மேட்டில் போய் ஏறின. எட்டுப் பட்டி, ஐந்நூறு மாடு, எல்லாம் ஒன்றாகக் கலந்து நின்றன. தண்ணீர் வற்றியதும் உடைமைக்காரர்கள் குறிசுடும் கம்பிகளோடு வந்து தீ மூட்டினார்கள். பெரிய மாடுகளின் குறிகளைச் சேறு மூடியிருந்தது; துடைத்துப் பார்க்க, மிரண்ட மாடுகள் கிட்ட விடவில்லை. கன்றுகளுக்கோ குறியே இல்லை. ஒரு கன்றுக்கு இரண்டு பேர் உரிமை கேட்டு, மத்தியானத்துக்குள் கைகலப்பும் ஆகிவிட்டது.

அப்போதுதான் பெரிய பட்டிக்காரரான பளீல் போடியார் கத்தினார். "அந்தக் கள்ளனக் கூட்டிட்டு வாங்கடா. எல்லாற்ற மாடும் அவனுக்குத்தானே தெரியும்!"

காலிதீன் புறப்படும்போது முனவ்வறா சொன்னது ஒன்றே ஒன்றுதான். "வாய அடக்கி வெச்சுக்கங்க. கேட்டதுக்கு மட்டும் மறுமொழி சொல்லுங்க. வேலையோட வாங்க."

போடியாரும் சுற்றி வளைக்கவில்லை. "ஒழுங்காப் பிரிச்சுத் தந்தாயெண்டா என்ட பட்டியப் பாக்கிற வேலைய ஒனக்கே தாறன். வருசம் முழுக்க."

காலிதீன் மேட்டின் உச்சியில் ஏறி நின்றான். ஒவ்வொரு பட்டிக்கும் அதன் மேய்ப்பன் கூப்பிடும் குரல் ஒன்று உண்டு. பிறந்த நாள் முதல் கேட்ட அந்தக் குரலுக்குத்தான் மாடு வரும். கயிறு கட்டி இழுக்கிற கள்ளன் அகப்படுவான். குரல் தெரிந்த கள்ளனுக்குப் பின்னால் மாடு தானாக நடக்கும். எட்டுக் குரலும் காலிதீனுக்கு அத்துப்படி. இருட்டில் கிசுகிசுத்த அந்தக் குரல்களை அவன் வெயிலில் வாய்விட்டுக் கூப்பிட்டது அன்றுதான்.

முதலில் தம்பிலுவில் பட்டியின் நீண்ட கூவல். ஐந்நூறு தலைகளில் ஐம்பது மட்டும் நிமிர்ந்தன. அந்த ஐம்பதும் மற்றவற்றை விலக்கிக்கொண்டு தெற்குப் பக்கமாக இறங்கின. தாய்க்குப் பின்னால் கன்று போனது. காலையில் சண்டை பிடித்தவர்கள் வாயைப் பிளந்து பார்த்தார்கள். "சுபஹானல்லாஹ்" என்றார் ஒருவர். அரிசியில் கல் பொறுக்குவதுபோல ஐந்நூறு மாடும் குரலுக்குக் குரல் பிரிந்து போவதைக் கண்டு காலிதீனுக்கே கண் கலங்கிவிட்டது. தன் தொண்டைக்குள் இப்படியும் ஒன்று இருந்ததா என்று நினைத்தான்.

கடைசியாக வீரமுனைக் கனகசபாபதியின் பட்டி. நாக்கை மூன்று தரம் சொடுக்கி, "பா… பா… பா…" என்றான். மீந்து நின்ற இருபது மாடும் வந்தன. கூடவே, ஏற்கெனவே பிரிந்து நின்ற போடியாரின் பட்டிக்குள்ளிருந்து ஒரு சிவப்புப் பசுவும் தலையைத் தூக்கியது. சிறிதும் பெரிதுமாக, இன்னும் குறி விழாத மூன்று கன்றுகள் பின்னால் வர, நேரே கனகசபாபதியிடம் நடந்தது.

"வெள்ளத்தில மூள கலங்கிப் போச்சு" என்று சிரித்தபடி போடியாரின் ஆட்கள் அதைத் திருப்பி விரட்டினார்கள். பின்தங்கிய ஒரு கன்றுக்காகக் காலிதீன் மறுபடி கூப்பிட்டான். சிவப்பி மறுபடியும் வந்தது.

காலிதீன் கூப்பிடுவதை நிறுத்தினான். அவனுக்கு மட்டும்தான் காரணம் தெரியும். ஏழு வருடத்துக்கு முன் போடியாரிடம் கூலிக்கு நின்றபோது ஒரு கிடாரியைத் தொலைத்துவிட்டான். போடியாரின் வாய்க்குப் பயந்து, கனகசபாபதியின் சிவப்புக் கிடாரியைப் பிடித்துக் கணக்கைச் சரிசெய்தான். கனகசபாபதியின் குறி வில், அதாவது அரைவட்டம். போடியாரின் குறி முழுவட்டம். வளைத்த கம்பியால் மற்றப் பாதியையும் சுட்டால் வேலை முடிந்தது. அதுதான் அவனது முதல் களவு. அகப்படாததால் ருசி பிடித்தது. மறியலுக்குப் போனது வேறு மாடுகளுக்காக. இதை ஒருவரும் கண்டுபிடிக்கவேயில்லை.

"முடிஞ்சுதுதானே? நாளைக்கே வேலைக்கு வா" என்றார் போடியார்.

"ஓம்" என்று சொல்ல வாய் திறந்தான். முனவ்வறாவின் முகம் வந்தது. ஆனால் சிவப்பி அவனையே பார்த்துக்கொண்டு நின்றது. அவன் மாற்றிய குறியைச் சுமந்துகொண்டு, ஏழு வருடம் தன் சொந்தப் பட்டியின் குரலை மறக்காமல் இருந்திருக்கிறது.

"போடியார், இது ஒங்கட மாடில்ல" என்றான். சேற்றைத் துடைத்துத் தழும்பைக் காட்டினான். ஒரு பாதி வழுவழுப்பு, மறுபாதி தடிப்பு. "இந்தப் பாதி நான் சுட்டது. கன்டு மூணும் இதுக்குப் புறந்ததுதான்."

போடியாரின் முகம் கறுத்தது. "ஹறாமான மாட்டையா எனக்கிட்ட நிப்பாட்டின? கொண்டு போ! நீயும் போ, வேலையும் இல்ல மண்ணுமில்ல!"

பிணக்குத் தீர்க்க வந்திருந்த ஊர் அதிகாரி விதானையார் கொப்பியை விரித்தார். "கனகசபாபதி, முறைப்பாடு எழுதட்டா?" இன்னுமொரு நான்கு வருடம் என்று காலிதீன் மனதுக்குள் எண்ணிக்கொண்டான்.

கனகசபாபதி பசுவின் தழும்பைத் தடவிப் பார்த்தார். "என்னத்த எழுதப்போறீங்க விதானையார்? ஒண்டு போச்சு, நாலா வந்திரிக்கு."

பிறகு தீயிலிருந்து தன் கம்பியை எடுத்து, அதன் பிடியைக் காலிதீன் பக்கம் நீட்டினார். சுற்றி நின்றவர்கள் ஒரு அடி பின்வாங்கினார்கள். குறிக்கம்பியை எந்த உடைமைக்காரனும் பெண்சாதி கையில்கூடக் கொடுப்பதில்லை. கம்பி யார் கையிலோ, மாடு அவனுடையது.

"கன்டு மூண்டுக்கும் நீயே போடு தம்பி. மறுகா பட்டியச் சாய்ச்சி ஓட்டிக்கிட்டு வீட்ட வா. எனக்கும் ஆள் வேணும்."

காலிதீன் கம்பியை வாங்கினான். "பிஸ்மில்லாஹ்" என்று முதல் கன்றின் தொடையில் வைத்தான். அரைவட்டம் விழுந்தது. மற்றப் பாதிக்குப் போகாமல் அத்தோடு கையை எடுத்தான்.

மூன்றும் முடிந்ததும் கம்பியைத் திருப்பி நீட்டினான். கனகசபாபதி அதை வாங்கவில்லை. சிவப்பியை முன்னால் விட்டுக்கொண்டு நடக்கத் தொடங்கியிருந்தார். கம்பி ஆறும் வரை நின்று, அதைக் கமுக்கட்டில் இடுக்கிக்கொண்டு, "பா… பா…" என்று கூப்பிட்டபடி காலிதீன் பின்னால் போனான்.