அலமாரிக்குப் பின்னால் இருந்த சுவர்

தென்கொரியாவின் சாங்வொன் நகரில், பதினோராம் மாடியில் இருந்த தன் வீட்டை சொன்ஹே தோழிகளுக்குச் சுற்றிக் காட்டிக்கொண்டிருந்தாள். கட்டடம் பழையது. வீட்டுக்குள் மட்டும் எல்லாம் புதிது. கூடத்துக்கும் பால்கனிக்கும் நடுவில் இருந்த கண்ணாடிக் கதவை எடுத்துவிட்டு இரண்டையும் ஒன்றாக்கியிருந்தார்கள். தோழிகள் வாய்பிளந்து நின்றது பால்கனிக் கோடியில் இருந்த அலமாரியின் முன்னால்தான். தரையிலிருந்து கூரை வரை வெள்ளை வெளேரென்று நின்றது. குளிர்கால மெத்தைகள், மின்விசிறி, அரிசி மூட்டை, கணவனின் கோல்ஃப் பை எல்லாம் உள்ளே போன பிறகும் இடம் மிச்சம் இருந்தது.

"இந்த மூலை சும்மாத்தான் கெடந்துது" என்றாள் சொன்ஹே. "இப்ப வித்தா நல்ல வெல போகும்னு தரகர் சொல்றார்."

அது சும்மா கிடந்த மூலை அல்ல. அலமாரிக்குப் பின்னால் இருந்தது கான்கிரீட்டும் அல்ல, மெல்லிய பலகைச் சுவர். இந்த வீட்டுப் பால்கனிக்கும் பக்கத்து வீட்டுப் பால்கனிக்கும் நடுவில், ஓங்கி உதைத்தால் உடைய வேண்டும் என்றே வைத்தது. ஒரு வீட்டின் வாசல் பக்கம் தீப்பிடித்துக்கொண்டால், உள்ளே இருப்பவர்கள் அதை உடைத்துக்கொண்டு அடுத்த வீட்டுக்குள் ஓடி உயிர் பிழைக்கலாம். இங்கே எந்தப் பொருளும் வைக்கக் கூடாது என்று சிவப்பு எழுத்தில் ஒரு தாளும் சுவரில் ஒட்டியிருந்தது.

அலமாரி வேலையை எடுத்துச் செய்த தோ என்பவர் அந்தத் தாளைப் பிளேடால் சுரண்டி எடுத்தபோது சொன்ஹே கேட்கத்தான் செய்தாள், இது பரவாயில்லையா என்று. தோ சிரித்தார். இந்தக் கட்டடத்தில் தான் வேலை செய்த எந்த வீட்டிலும் அந்தச் சுவரை யாரும் வெறுமனே விட்டு வைக்கவில்லை என்றார். அதோடு அவள் மனம் சமாதானம் ஆகிவிட்டது. எல்லோரும் செய்கிற தப்பு தப்பாகத் தெரிவதில்லை.

துளை போடும் சத்தம் கேட்டுப் பக்கத்து வீட்டு ஜங்ரான் வந்தாள். முடி வெட்டும் கடை ஒன்றில் வேலை பார்ப்பவள். கணவன் இல்லை. பள்ளிக்கூடம் போகத் தொடங்கியிருந்த தாமி என்ற மகள் மட்டும். சுவரை மறைத்துவிடாதீர்கள் என்று அவள் தன்மையாகத்தான் கேட்டாள். தன் பக்கம் ஒரு பூந்தொட்டி கூட வைக்காமல் காலியாக வைத்திருப்பதாகச் சொன்னாள். "உங்க வீட்ல ஏதாவதுன்னா நீங்க எங்க வீட்டுக்குள்ளதானே வரணும், மின்வூ அம்மா? அதுக்குத்தான்." மகன் பெயரை வைத்தே அவள் சொன்ஹேயைக் கூப்பிடுவது வழக்கம்.

சொன்ஹேயின் கணவன் கிதேக் வாசலுக்கு வந்தான். "நீங்க வாடகைக்கு இருக்கறவங்க. நாளைக்கே காலி பண்ணிட்டுப் போயிடுவீங்க. எங்க சொந்த வீட்ல எதை எங்க வக்கணும்னு எங்களுக்குத் தெரியும்" என்றான்.

ஜங்ரான் அவனைப் பார்க்கவில்லை, சொன்ஹேயைத்தான் பார்த்தாள். சொன்ஹே கதவைச் சாத்தினாள்.

அடுத்த இலையுதிர்காலத்தில் ஒரு திங்கட்கிழமை. முடி வெட்டும் கடைக்கு விடுமுறை. தாமிக்குக் காய்ச்சல், பள்ளிக்குப் போகவில்லை. சொன்ஹே தன் வீட்டில் தரையில் உட்கார்ந்து முளைப்பயறு ஆய்ந்துகொண்டிருந்தாள். தம் தம் என்று சத்தம் கேட்டது. எவர் வீட்டிலோ வேலை நடக்கிறது, லிஃப்டில் ஒரு அறிவிப்பு கூட ஒட்டாமல் என்ன மனிதர்கள் என்று அவளுக்கு எரிச்சல் வந்தது. பிறகு தாழ்வாரத்தில் அபாய மணி அடித்தது. அது அடிக்கடி காரணமில்லாமல் அடிக்கும் மணி. அவள் எழுந்திருக்கவில்லை.

மூன்றாவதாகக் கேட்டது குரல். அது அலமாரிக்குள்ளிருந்து வந்தது.

"மின்வூ அம்மா, இருக்கீங்களா? தெறங்க. புள்ள இருக்கு இங்க."

சொன்ஹே ஓடிப்போய் அலமாரியைத் திறந்தாள். மெத்தைகளின் இடுக்கிலிருந்து புகை கசிந்தது. ஜங்ரானின் வீட்டுக்குள் வாசலருகே மின்னேற்றம் செய்ய வைத்திருந்த மின்சைக்கிளின் பேட்டரி வெடித்து, வாசல் முழுக்க நெருப்பு. தாயும் மகளும் பால்கனிக்கு ஓடிக் கண்ணாடிக் கதவை இழுத்துச் சாத்தியிருந்தார்கள். ஜங்ரான் சுவரை உதைத்தாள். சுவர் அது செய்ய வேண்டியதைச் செய்தது, உடைந்தது. உடைந்த இடத்தில் வழிக்குப் பதில் அலமாரியின் முதுகு நின்றது. தோ நல்ல வேலைக்காரர். கனமான பலகை போட்டு, சுற்றிலும் கான்கிரீட்டில் திருகாணி இறக்கியிருந்தார்.

சொன்ஹே மெத்தைகளை இழுத்துப் போட்டாள். அரிசி மூட்டை நகரவில்லை. அதைக் கிழித்துக் கொட்டவிட்டாள். தட்டுகள் கழலவில்லை. கோல்ஃப் பையிலிருந்து கனமான மட்டை ஒன்றை உருவி பின்பலகையில் அடித்தாள். அடிக்க அடிக்கப் பள்ளம் விழுந்ததே தவிர பிளக்கவில்லை. அந்தப் பக்கம் குழந்தை இருமுவது கேட்டது. அம்மா, அம்மா என்று அழுவது கேட்டது. பிறகு இருமல் மட்டும் கேட்டது.

பலகை ஒரு ஓரத்தில் விரிந்தபோது ஜங்ரானின் விரல்கள் உள்ளே வந்தன. வெறுங்கையால் அவள் பலகையைப் பிய்த்தாள். தாமியைத் தலை முன்னால் தள்ளினாள். சொன்ஹே கக்கத்தைப் பிடித்து இழுத்துக் குழந்தையை வெளியே எடுத்தாள். அதே நேரத்தில் ஜங்ரானுக்குப் பின்னால் கண்ணாடிக் கதவு வெடித்தது. பெரியவள் உடம்பு புகும் அளவுக்கு ஓட்டை இல்லை. தீயணைப்பு வீரர்கள் வந்து கோடாலியால் பிளந்து ஜங்ரானை இந்தப் பக்கம் இழுத்தபோது, அவள் வலது கை முழங்கை வரை வெந்திருந்தது. முதுகும் வெந்திருந்தது.

மாலையில் கிதேக் வந்தான். கரி படிந்த கூடத்தைச் சுற்றிப் பார்த்துவிட்டு, நல்லவேளை நம் பக்கம் பரவவில்லை என்றான். சொன்ஹே தண்ணீரில் ஊறிக் கிடந்த அரிசியைப் பெருக்கிக்கொண்டிருந்தாள்.

பார்வையாளர்களை அனுமதித்த முதல் நாளே அவள் மருத்துவமனைக்குப் போனாள். நோயாளிகளுக்குக் கொடுக்கும் அபலோன் சிப்பிக் கஞ்சி வாங்கிப் போயிருந்தாள். தாமி பிழைத்துக்கொண்டாள், பாட்டி வீட்டில் இருக்கிறாள் என்று செவிலி சொன்னாள். ஜங்ரானின் கட்டுப் போட்ட கை தலையணை மேல் கிடந்தது. இனி அந்த விரல்கள் மடங்காது. கத்தரிக்கோல் பிடிக்க முடியாது. சொன்ஹே குனிந்து வணங்கி மன்னிப்புக் கேட்க ஆரம்பித்தாள்.

ஜங்ரான் நடுவிலேயே நிறுத்தினாள். குரல் உயரவில்லை. புகை தின்ற தொண்டையில் உயர்த்தவும் முடியவில்லை.

"மன்னிப்பு எனக்கு வேணாம். உங்களுக்கு மனசு லேசாகணும்னு எங்கிட்ட வராதீங்க. அன்னைக்கு உங்க வாசல்ல வந்து கெஞ்சினேன், கதவ மூடினீங்க. என் கை போனது போகட்டும். அந்தக் கட்டடத்துல எத்தன வீட்ல அதே மாதிரி அலமாரி நிக்குது? அத எடுக்க வைக்க முடியுமா உங்களால? முடியலேன்னா இந்தப் பக்கம் வராதீங்க."

கஞ்சியை அவள் தொடவில்லை. சொன்ஹே அதைத் திரும்ப எடுத்துக்கொண்டு வந்தாள்.

அந்த வாரமே குடியிருப்போர் கூட்டம் நடந்தது. சங்கத் தலைவர் குக், வங்கியில் மேலாளராக இருந்து ஓய்வு பெற்றவர், நிதானமாகப் பேசினார். தொலைக்காட்சிக்காரர்கள் வந்தால் யாரும் எதுவும் சொல்ல வேண்டாம் என்றார். தப்பு அந்த வாடகைக்காரியுடையது, வீட்டுக்குள் பேட்டரி வைத்தது அவள்தான் என்றார். தீயணைப்பு நிலையத்திலிருந்து வீடு வீடாகப் பலகைச் சுவரைப் பார்க்க வரப்போகிறார்களாம், எல்லா வீட்டிலும் சரியாக இருக்கிறது என்று சங்கமே எழுதிக் கொடுத்துவிடலாம் என்றார். வெளியே பெயர் கெட்டால் வீட்டு விலை விழுந்துவிடும். பலர் தலையாட்டினார்கள். கிதேக்கும் ஆட்டினான்.

சொன்ஹே எழுந்தாள்.

"தலைவரே, நீங்க எழுதிக் குடுக்க வேணாம். எங்க வீட்ல அந்தச் சுவர மறச்சு அலமாரி கட்டுனோம்னு தீயணைப்பு நிலையத்துக்கு நானே போய்ச் சொல்லிட்டேன். மத்த வீட்லயும் இருக்குன்னு சொல்லிட்டேன்."

கூட்டத்தில் சலசலப்பு எழுந்தது. அடுத்தவர் வீட்டைப் பற்றிச் சொல்ல இவள் யார் என்று ஒருவர் கோபமாகக் கேட்டார். உட்காரும்படி கிதேக் அவள் கையைப் பிடித்து இழுத்தான். அவள் கையை உதறினாள்.

"பேட்டரி வச்சது அவ தப்பாவே இருக்கட்டும். அதுக்குத் தண்டன புள்ளையோட எரிஞ்சு சாகறதா? தீ வாசலத்தான் அடச்சுது. அவ தப்பிக்கற வழிய அடச்சது நான். சரி, உங்க வீட்ல அந்தச் சுவர் எங்க இருக்குன்னு ஒருத்தர் சொல்லுங்க பாப்போம்."

சிலருக்குத் தெரியவே தெரியாது. தெரிந்தவர்கள் தரையைப் பார்த்தார்கள். பின்வரிசையில் கைக்குழந்தையோடு இருந்த ஒரு பெண் மட்டும் மெதுவாகச் சொன்னாள், தங்கள் வீட்டில் அங்கே சலவை இயந்திரம் நிற்கிறது, நகர்த்த முடியாதபடி தரையோடு பதித்திருக்கிறார்கள் என்று. சொல்லும்போதே அவள் குழந்தையை இறுக்கிக்கொண்டாள்.

கிதேக் பல்லைக் கடித்துக்கொண்டு, வீட்டுக்கு இருந்த மதிப்பையெல்லாம் ஒரே நாளில் கெடுத்துவிட்டாய் என்றான். எல்லோருக்கும் அது கேட்டது.

சொன்ஹே அவன் பக்கம் திரும்பினாள். பேசியது எல்லோருக்கும்தான்.

"என்ன மதிப்பு, ஏங்க? ஒரு கொழந்த தட்டித் தட்டி மூச்சு அடங்கப் பாத்துச்சு, நம்ம வீடு வழி விடல. அந்த மூல நமக்குக் கெடச்ச இடம் இல்ல. பக்கத்து வீட்டுக்காரியோட உயிருக்குன்னு விட்டு வச்ச இடம். அத எடுத்துக்கிட்டதுக்குப் பேரு வீட்ட அழகு பண்றது இல்ல, திருட்டு. நாளைக்கே போய் ஒடச்சு எடுங்க எல்லாரும். உங்களுக்காக இல்லேன்னாலும், அந்தப் பக்கம் இருக்கறவங்களுக்காக."