மூன்றாவது திரையில் ராசு

கம்ப்யூட்டர் மூன்று மணிக்கு நின்றுபோனால் அன்றைக்குப் பத்துப் பதினைந்து குடும்பங்களுக்கு வீடு கிடையாது என்று அர்த்தம். இலங்கையிலிருந்து திரும்பி வந்த சனங்கள், கட்டபெட்டு ஊருக்கு மேலே ஒரு தேயிலைக் கம்பெனியின் தகரக் கொட்டகையில் காத்திருந்தார்கள். கொட்டகைப் பட்டியலில் பெயரை வெட்டி, லயம் என்ற தோட்டத்து வரிசை வீடுகளின் பட்டியலில் பதிந்தால்தான் வீட்டுச் சாவி. புது மெஷின் வந்தபிறகு காகிதம் செல்லாது என்று மானேஜர் சொல்லிவிட்டார். மானேஜர் தகரத்துக்குக் கீழே படுப்பதில்லை.

அந்த மெஷின் ஒரு மாதமாகத் தினமும் நின்றது. கோயம்புத்தூரிலிருந்து லிங்கசாமி என்ற இன்ஜினியர் மூன்றாம் தடவையாக மலையேறி வந்து, ஆபீசில் பதிவு வேலை பார்க்கும் பொன்னாயியைக் கூப்பிட்டார்.

"ஏனுங்க, இது நேரா பட்டியல்ல எழுதாதுங்க. மொதல்ல லாக்குன்னு ஒரு ஃபைல்ல குறிச்சு வெச்சுக்கும். கரண்டு போனாலும் அதப் பாத்துச் சரி பண்ணிக்கும். ஃபைலு நெறஞ்சா, முடிஞ்ச வேலைக்கு மேலயே திரும்ப எழுதும். நான் அந்த ஃபைல ரெண்டு மடங்கு பண்ணிப் பாத்தேன், நாலு மடங்கும் பண்ணிப் பாத்தேன். பத்து மணிக்கு நின்னது இப்ப மூணு மணிக்கு நிக்குது. அவ்வளவுதானுங்க."

"ஏன் சேர் நிக்குது?"

"முடியாத வேலை ஒண்ணு குறுக்கே கெடக்குதுங்க. அது மேல எழுத முடியாது, அதத் தாண்டவும் முடியாது. காலைல எட்டேகாலுக்கு யாரோ மூணாவது திரையில ஆரம்பிச்சு அப்படியே உட்டுட்டாங்க. ராசுன்னு ஒரு பேரு."

யாரோ இல்லை, பொன்னாயிதான்.

மெஷின் ஒன்றுதான், திரைகள் மூன்று. மூன்றாவது, கூட வேலை பார்க்கும் ஜூடித்துடையது. ஜூடித் பிரசவ லீவில் போனதிலிருந்து அந்த நாற்காலி காலி. தினமும் எல்லோருக்கும் முன்னால் வந்து பொன்னாயி அதில் உட்காருவாள். பெயர்: ராசு. பழைய இடம்: தலைமன்னார். புது இடம்: தன் லயத்து எண். அடித்து முடித்ததும், எல்லாம் முடிந்ததா, Y அல்லது N என்று மெஷின் கேட்கும். அதற்கு மட்டும் பதில் சொல்லாமல் எழுந்து தன் இடத்துக்கு வந்துவிடுவாள். நாள் முழுக்க அந்தக் கேள்வி பச்சை எழுத்தில் மினுங்கிக்கொண்டிருக்கும். தம்பி வந்துகொண்டே இருப்பது போல அவளுக்கு ஒரு நிம்மதி. பைத்தியக்கார நிம்மதிதான். சாயங்காலம் மெஷினை அணைத்தால் அழிந்துவிடும். மறுநாள் மறுபடி அடிப்பாள்.

மூன்று வருடத்துக்கு முன்னால் தலைமன்னாரில் கப்பலேற வரிசையில் நின்றபோது, "அக்கா, ஒன் கொடைய ரயில்லயே விட்டுட்டு வந்துட்டோம்" என்று ராசு திரும்பி ஓடினான். வரிசை முதுகில் நெருக்கியது. மேசையில் இருந்த ஆள் குடும்ப அட்டையை வாங்கிக்கொண்டு கேட்டார்: "எல்லாரும் ஏறியாச்சா?" இல்லையென்றால் வரிசையின் கடைசிக்குப் போகச் சொல்லிவிடுவார்கள் என்று பயந்து, "ஏறியாச்சுங்க" என்றாள். ஓடி வந்துவிடுவான் என்றுதான் நினைத்தாள். கப்பல் நகர்ந்தபிறகும் அப்படித்தான் நினைத்தாள். அடுத்த கப்பலிலும் அவன் வரவில்லை. அதற்குப் பிறகு சண்டையில் கப்பலே நின்றுபோனது.

இலங்கைக்கு எழுதிக் கேட்டால், பெயரை வெட்டி அனுப்பியாயிற்று என்றார்கள். இங்கே கேட்டால், வந்து சேர்ந்ததாகத்தானே இருக்கிறது, நீதானே சொன்னாய் என்றார்கள். அதனால் ராசுவை யாரும் தேடவில்லை.

ஜன்னலுக்கு வெளியே வரிசை நகராமல் மழையில் நின்றது. கருப்பம்மாள் என்ற கிழவி நான்காவது நாளாக வந்திருந்தாள். இருமி இருமி முந்தானையால் வாயைத் துடைத்தாள். வரிசையின் கடைசியில், மெஷின் நிற்கும் நாளெல்லாம் வந்து நிற்கும் ஒரு பையன் இன்றைக்கும் நின்றான். கையில் குடை. கொட்டுகிற மழையில் அதை விரிக்காமல் நனைந்துகொண்டிருந்தான். முகம் தெரியாது. ஜன்னல்வரை வந்ததும் கிடையாது. அவனைப் பற்றி அவள் யாரிடமும் கேட்டதில்லை. அப்படி ஒருத்தனும் இல்லையே என்று சொல்லிவிடுவார்களோ என்ற பயம்.

"நானே அழிச்சுடட்டுங்களா?" என்றார் லிங்கசாமி.

"வேணாம் சேர். நான்தான் போட்டேன். நானே முடிக்கிறேன்."

ஜூடித்தின் நாற்காலியில் உட்கார்ந்தாள். கேள்வி மினுங்கியது. விரலை N எழுத்தின்மேல் வைத்தாள்.

"N போட்டா என்ன ஆவும் சேர்?"

"பாதில நிக்காதுங்க. ஆரம்பத்துல எங்க இருந்துச்சோ அங்கயே போயிரும்."

"அங்கயேன்னா, தலைமன்னாருக்கா?"

லிங்கசாமி அப்போதுதான் திரையை முழுதாகப் படித்தார். அவள் முகத்தைப் பார்த்தார். "ஆமாங்க" என்றார், மெதுவாக.

Y என்றால் மறுபடி அதே பொய். N என்றால் அவனை அந்தத் துறையில் தனியாக விட்டது அவள்தான் என்று ஒப்புக்கொள்ள வேண்டும். வெளியே கருப்பம்மாள் இருமினாள். எல்லாரும் ஏறியாச்சா என்று மேசைக்காரர் காதுக்குள்ளேயே கேட்டார்.

"இல்லீங்க ஐயா" என்று பொன்னாயி வாய்விட்டுச் சொன்னாள். "என் தம்பி ஏறல்ல."

N எழுத்தை அழுத்தினாள். ராசு திரையிலிருந்து போனான். அடக்க முடியாமல் அழுதாள். லிங்கசாமி முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

உறைந்து கிடந்த அவளுடைய இரண்டாவது திரை நகர ஆரம்பித்தது. முதல் சாவி கருப்பம்மாளுக்கு. நாலே முக்காலுக்குள் வரிசை முழுவதும் தீர்ந்தது. கடைசியில் ஜன்னல் வழியே எட்டிப் பார்த்தாள். குடைக்காரன் இல்லை. மழை மட்டும் பெய்துகொண்டிருந்தது.

கண்ணைத் துடைத்துக்கொண்டு டைப்ரைட்டரில் ஒரு தாளைச் செருகினாள். யாருக்கு அனுப்புவது என்று பிறகு யோசித்துக்கொள்ளலாம். முதல் வரியை அடித்தாள்:

'என் தம்பி ராசு கப்பலில் ஏறவில்லை. ஏறியதாகச் சொன்னது நான்தான். தயவுசெய்து அவனைத் தேடுங்கள்.'